தேய்ந்த பாகத்துக்கும் ஒரு திரும்பும் வழி

தமிழ்நாட்டின் வாகன உதிரிபாக உற்பத்தியாளர்களுக்கு, கோம்பையிலிருந்து ஒரு திறந்த மடல்

வாகன உதிரிபாகம் ஆலையிலிருந்து பட்டறைக்கு வர வழி இருக்கிறது. பட்டறையிலிருந்து ஆலைக்குத் திரும்பத்தான் வழி இல்லை. பாடியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் நீங்கள் செய்யும் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செல்ஃப் மோட்டார் எல்லாம் மதுரை விநியோகஸ்தரிடம் வந்து, தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் பிரிந்து, கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள கோம்பைப் பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன. வரும் வழி முழுக்க அவற்றுக்கு பில் உண்டு, பார்ட் நம்பர் உண்டு, தயாரித்த மாதம் உண்டு. தேய்ந்து கழன்ற பிறகு அதே பாகத்துக்கு மிஞ்சுவது எடை மட்டும்; பழைய இரும்புக் கடைத் தராசில் கிலோ கணக்கில் அதன் கதை முடிகிறது. தேய்ந்த பாகமும் உங்களிடமே திரும்பி வர ஒரு முறையான வழி வேண்டும் என்று கேட்பதே இந்த மடல்.

அப்படி ஒரு வழியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாரன்டி காலத்துக்குள் ஒரு பாகம் பழுதானால் அது இப்போதும் உங்களிடம் திரும்புகிறது. மெக்கானிக் கழற்றிக் கடையில் கொடுக்கிறார், கடைக்காரர் சீட்டுக் கட்டி விநியோகஸ்தருக்கு அனுப்புகிறார், விநியோகஸ்தர் உங்கள் கிடங்குக்கு அனுப்புகிறார். நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்து, குறை யாருடையது என்று முடிவு செய்கிறீர்கள். ஆக, கோம்பையிலிருந்து பாடிக்கு ஒரு பாகம் திரும்பிப் போவது நடக்காத காரியம் அல்ல. குறையோடு பிறந்த பாகத்துக்குத் திறக்கும் கதவு, முழு ஆயுளும் உழைத்து ஓய்ந்த பாகத்துக்கு மூடியிருக்கிறது என்பதுதான் முறையீடு. முதல் வகை திரும்பினால் உங்கள் பெயர் காக்கப்படுகிறது. இரண்டாம் வகை திரும்பினால் உலோகமும் உழைப்பும் மண்ணும் தண்ணீரும் காக்கப்படும்.

கோம்பை இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இந்தக் கோரிக்கை எழுவதற்குக் காரணம், இங்கே பாகங்கள் தேயும் வேகம். விடியுமுன் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. மாலையில் அதே ஆட்களோடு இறங்குகின்றன. ஏறும்போது கிளட்ச் சூடாகிறது, இறங்கும்போது பிரேக் சூடாகிறது. திராட்சையும் வாழையும் தேங்காயும் காய்கறியும் ஏற்றிய மினி லாரிகள் அதே மலைப்பாதையில் கேரளத்துக்குப் போகின்றன. கீழே வயலில் டிராக்டரும் பவர் டில்லரும் சேற்றில் உழைக்கின்றன. சமவெளியில் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டால் இங்குள்ள வண்டிக்குப் பாகம் மாற்றும் தேவை சீக்கிரமே வந்துவிடுகிறது. உங்களுக்கு இது நல்ல சந்தை. இந்தச் சந்தை விட்டுச்செல்லும் மிச்சத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த மிச்சம் என்னவென்று அருகில் பார்க்க வேண்டும். ஜீப்பிலிருந்து கழற்றிய கிளட்ச் பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் தேய்ந்திருப்பது இருபுறமும் ரிவெட் அடித்துப் பொருத்திய ஃபேஸிங் மட்டுமே. ரிவெட்டின் தலை மேலே எட்டிப் பார்த்தால் பிளேட் முடிந்தது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். அதற்கு மேல் ஓட்டினால் ரிவெட் ஃபிளைவீலைச் சுரண்டும். ஆனால் நடுவில் உள்ள பல்வெட்டிய ஹப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம். எஃகுத் தகடு வளையாமல் இருக்கிறது. ஹப்பின் உள்பல்லை வெட்டவும், அதைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தவும், தகட்டை அச்சில் அடிக்கவும் நீங்கள் செலவிட்ட மின்சாரமும் எந்திர நேரமும் தொழிலாளியின் திறமையும் அந்தப் பாகத்திலேயே தங்கியிருக்கின்றன. பழைய இரும்பாக அது உலைக்குப் போகும்போது இவை அனைத்தும் அழிந்து, இரும்பு மட்டும் மிஞ்சுகிறது.

செல்ஃப் மோட்டாரின் நிலையும் இதுவே. பெரும்பாலும் அதில் ஓய்வது கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டின் காண்டாக்ட். தாமிரக் கம்பி சுற்றிய ஆர்மேச்சரும் வெளிக்கூடும் இன்னொரு ஆயுள் ஓடும் நிலையில் இருக்கும். ஆல்டர்னேட்டரில் பேரிங்கும் பிரஷ்ஷும் டயோடும் போகும். அலுமினியக் கூடு அப்படியே இருக்கும். பிரேக் ஷூவில் லைனர் தேயும்; லைனரைத் தாங்கும் வளைந்த எஃகு நெளியாத வரை மறுபடியும் பயன்படும். இவற்றில் தேய்ந்த சிறு பகுதியை மாற்றி, அளவு பார்த்து, சோதித்து, புதியதற்கு நிகரான உத்தரவாதத்தோடு மறுபடி விற்பதே மறு உற்பத்தி. உருக்கி உலோகமாக்குவது மறுசுழற்சி. முதலாவது முடியாதபோதுதான் இரண்டாவதற்குப் போக வேண்டும். இன்று கோம்பையில் கழலும் பாகம் முதல் படியைத் தாண்டி நேராக இரண்டாம் படிக்குப் போகிறது. அதுவும் ஒழுங்காகப் போவதில்லை.

ஒழுங்கில்லாமல் போவதால் வரும் கேடுகளை நீங்கள் நேரில் பார்ப்பதில்லை. முதல் கேடு கழிவு ஆயில். வண்டியிலிருந்து இறக்கிய ஆயிலின் ஒரு பகுதி கட்டட வேலைக்குச் சென்ட்ரிங் பலகையில் பூசப் போகிறது; ஒரு பகுதி பட்டறை மண்ணிலேயே ஊறுகிறது; ஃபில்டருக்குள் தேங்கிய ஆயில் குப்பையோடு போய்விடுகிறது. ஒரு பங்கு கழிவு ஆயில் பத்து லட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நிற்கிறது. கோம்பை, தேவாரம் பக்கத்துக் கண்மாய்கள் 18-ம் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. வருகிற தண்ணீரே அளவானது. அதைக் கெடுத்துக்கொள்ளும் வசதி இந்த மண்ணுக்கு இல்லை.

இரண்டாவது ஈயம். ஈய-அமில பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. அதை முறையில்லாமல் உடைத்து, அமிலத்தைத் தரையில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் சுற்றியுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் கலக்கும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூன்றாவது பிரேக் தூசி. டிரம்மைக் கழற்றியதும் கம்பிரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது பட்டறைகளில் பழகிப்போன செயல். கல்நார் கலந்த பழைய லைனராக இருந்தால் அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். பட்டறையில் வேலை கற்கும் பையனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அட்டைப்பெட்டியின் மேல் உங்கள் முத்திரையைப் பெரிதாக அச்சிடும் நீங்கள், இந்த எச்சரிக்கையைத் தமிழில் ஒரு வரி அச்சிட்டிருந்தாலே எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

நான்காவது கேடு உங்களையே தாக்குகிறது. கழற்றிய பாகமும் காலி அட்டைப்பெட்டியும் கைமாறும் இடத்தில்தான் டூப்ளிகேட் பிறக்கிறது. பழைய பாகத்தைத் துடைத்து, பெயின்ட் அடித்து, உங்கள் பெட்டியிலேயே போட்டுப் புதியதாக விற்கும் வேலைக்கு மூலப்பொருள் நீங்கள் கைவிட்ட பாகம்தான். மலையிறக்கத்தில் ஆள் ஏற்றிய ஜீப்பில் அப்படி ஒரு பிரேக் லைனர் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. போலியைப் பிடிக்க நீங்கள் சோதனைக் குழுக்களை அனுப்புகிறீர்கள், ஹாலோகிராம் ஒட்டுகிறீர்கள். பழைய பாகத்தை நீங்களே விலை கொடுத்துத் திரும்பப் பெற்றால் போலிக்கு மூலப்பொருளே கிடைக்காமல் போகும்.

சட்டம் இந்தத் திசையில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது. 2001-ம் ஆண்டின் பேட்டரி விதிகள், டீலர் வழியாக விற்ற பேட்டரிகளில் 90 விழுக்காட்டைத் திரும்பப் பெறும் இலக்கைப் படிப்படியாக எட்டுமாறு தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிக்கும் அந்தப் பொறுப்பை விரித்தன. 2022 ஜூலையில் டயருக்கும் 2023 செப்டம்பரில் கழிவு ஆயிலுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு வந்தது. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வாகனத் தயாரிப்பாளர்கள் பழைய வாகனங்களில் பயன்படுத்திய எஃகில் குறைந்தது 8 விழுக்காட்டுக்கு இப்போது கணக்குக் காட்ட வேண்டும்; 2030-31 முதல் அது 13, 2035-36 முதல் 18 விழுக்காடாக உயரும்.

இந்த விதிகளை வரிசையாகப் படித்தால் ஓர் இடைவெளி கண்ணில் படும். பேட்டரி செய்பவருக்குப் பொறுப்பு உண்டு. டயர் செய்பவருக்கு உண்டு. ஆயில் விற்பவருக்கு உண்டு. முழு வண்டி செய்பவருக்கு உண்டு. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் செய்து கடைகள் வழியாக விற்கும் உங்களுக்கு இந்த விதிகளில் அப்படி ஒரு கடமை எழுதப்படவில்லை. வண்டி உயிரோடு இருக்கும் பதினைந்து இருபது ஆண்டுகளில் அதிலிருந்து கழலும் இந்தப் பாகங்களை அந்த விதிகளின் கணக்கு தொடுவதில்லை. விவசாய டிராக்டரும் பவர் டில்லரும் அறுவடை எந்திரமும் 2025-ம் ஆண்டு விதிகளுக்கே வெளியில் நிற்கின்றன. பள்ளத்தாக்கின் வயல்களில் ஓடுபவை பெரும்பாலும் அவைதாம். இந்த விதிகள் கட்டாயப்படுத்தாத இடம் என்பதாலேயே இது உங்கள் மனச்சாட்சிக்கும் தொழில் புத்திக்கும் விடுக்கும் வேண்டுகோளாகிறது. சட்டம் வந்தபின் அவசர அவசரமாகக் கணக்கை நேர்செய்வதைவிட, சட்டம் வருமுன் பாதை போட்டு வைத்திருப்பவரே அடுத்த பத்தாண்டில் முன்னால் நிற்பார்.

இது நடக்குமா என்ற ஐயத்துக்கு விடை கோம்பையிலேயே இருக்கிறது. எந்த பேட்டரிக் கடைக்குப் போனாலும், பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகை கழியும். அதனால் பழைய பேட்டரியை யாரும் தெருவில் வீசுவதில்லை. வண்டிக்காரரே தூக்கிக்கொண்டு வருகிறார். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. பழையதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை புதியது வாங்கும் இடத்திலேயே கிடைக்கிறது, அவ்வளவுதான். ஊர் ஊராக வரும் வியாபாரி கூடுதல் ரொக்கம் கொடுத்துச் சில பேட்டரிகளை முறையற்ற உலைக்குக் கொண்டுபோவது உண்மை. அந்தக் குறையைத் திருத்த வேண்டும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்; முறையையே கைவிட வேண்டும் என்பது அல்ல.

முன்பணம் வாங்கிப் பொருளைத் திரும்பப் பெறும் முறையைத் தமிழ்நாட்டு மலைகளில் அரசே நடத்திக் காட்டியும் இருக்கிறது. நீலகிரியில் வன விலங்குகளின் கால்களைக் கிழித்த கண்ணாடி பாட்டில்களைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2022-ல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் ஏற்பாடு தொடங்கியது. விற்றவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்ததால் அது மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. வெறும் 10 ரூபாய்க்காகக் கண்ணாடி பாட்டில் மலையேறித் திரும்புகிறது என்றால், தாமிரமும் அலுமினியமும் கெட்டிப்படுத்திய எஃகும் கொண்ட பாகம் தகுந்த முன்பணம் இருந்தால் திரும்பாமல் போகாது.

பழையதைப் புதுப்பித்து விற்கும் தொழிலும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டயர் ரீட்ரெட் செய்யும் கலையில் இந்த மாநிலத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-ல் இறங்கிய தொழில் டயர் அல்ல, தேய்ந்த டயருக்குப் போடும் டிரெட் ரப்பர். டயர் தயாரிப்பு அதற்குப் பிறகே வந்தது. கோயம்புத்தூரின் எல்ஜி ரப்பர் ரீட்ரெடிங் பொருள்களிலேயே பெயர் பெற்றது. லாரி உரிமையாளர்கள் இன்றும் டயரின் உடல் நன்றாக இருந்தால் தூக்கி எறிவதில்லை. ரீட்ரெட் போட்டு ஓட்டுகிறார்கள். டயரின் உடலை மதிக்கக் கற்றுக்கொடுத்த தொழில், கிளட்ச் பிளேட்டின் ஹப்பை மதிக்கக் கற்றுக்கொள்வது கடினம் அல்ல.

வெளிநாடுகளில் இது பெரிய ஆலைத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. பிரான்ஸில் ரெனோ நிறுவனம் 1949 முதலே ஷுவாசி-லெ-ருவா என்ற ஊரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மறு உற்பத்தி செய்தது. புதிதாகச் செய்வதைவிட அங்கே 80 விழுக்காடு குறைந்த எரிசக்தி போதும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. கேட்டர்பில்லர் 1973-ல் இந்தத் தொழிலில் இறங்கியது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பழைய பாகத்தைக் கொடுப்பவருக்குப் புதுப்பித்த பாகம் குறைந்த விலையில் கிடைக்கும், கொடுக்காதவர் முன்பணத்தை இழப்பார். ஜப்பானில் 2005 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வண்டி வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணத்தையும் வாங்கிவிடுகிறார்கள். நாடுகளும் முறைகளும் வேறுபட்டாலும், திரும்பி வரும் செலவைப் பொருள் விற்கும் நாளிலேயே கணக்கில் சேர்த்துவிடுவது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது.

உங்கள் தரப்பில் எழக்கூடிய மறுப்புகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, வண்டி வாடகை. கனமான பழைய பாகத்தைப் பாடி வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றிப்போனால் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாக அனுப்பினால் கட்டுப்படியாகாது. ஆனால் விநியோகஸ்தரின் டெலிவரி வேன் பெட்டிகளை இறக்கிய பின் இடம் காலியாகத்தான் மதுரைக்குத் திரும்புகிறது. கடையில் ஒரு கூண்டு வைத்து, அது நிரம்பியதும் அதே வேனில் ஏற்றினால் கூடுதல் செலவு சிறிதே. மதுரையிலேயே தரம் பிரித்துவிட்டால் புதுப்பிக்கத் தகுந்தவை மட்டும் ஆலைக்கு வரும். மற்றவை அருகில் உள்ள அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகும். தூரத்தைச் சுருக்க முடியாது. தேவையில்லாத எடையை அந்தத் தூரத்துக்கு ஏற்றிப்போவதைத் தவிர்க்க முடியும்.

இரண்டாவது, தரம். திரும்பும் பாகம் எல்லாம் புதுப்பிக்கத் தகுந்ததாக இருக்காது. விரிசல் விட்ட கூடு, நெளிந்த ஷூ, எரிந்த காயில் எல்லாம் கலந்தே வரும். இதற்கான அளவுகோலை நீங்களே படத்தோடு ஓர் அட்டையில் அச்சிட்டுக் கடைக்குக் கொடுக்கலாம்: இந்த நிலையில் இருந்தால் முழு முன்பணம், இந்த நிலையில் இருந்தால் பாதி, இதற்குக் கீழே உலோக விலை. மெக்கானிக்கின் கண் இதைச் சில நாளில் பழகிவிடும்; இதைவிட நுட்பமான குறைகளைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவர் அவர்.

மூன்றாவது, புதிய பாகத்தின் விற்பனை குறையும் என்ற அச்சம். குறைந்த விலைப் பாகம் வேண்டும் என்பவர் இன்றும் உங்கள் புதிய பாகத்தை வாங்கவில்லை. பெயர் தெரியாத லைனரையோ டூப்ளிகேட்டையோ வாங்குகிறார். உங்கள் முத்திரையும் உத்தரவாதமும் உள்ள புதுப்பித்த பாகம் அவரையே முதலில் உங்களிடம் கொண்டுவரும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரருக்கு, பாதுகாப்புக்கும் பணத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நெருக்கடி அதனால் குறையும்.

நான்காவது, வரியும் காகிதமும். ஜிஎஸ்டி சட்டத்தின் 2(31) பிரிவின்படி, திருப்பித் தரும் முன்பணம் விலையோடு ஈடுசெய்யப்படாத வரை விலையாகக் கருதப்படாது; அதைத் தனியாகக் காட்டி பில் போட வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. சிறு கூண்டுகள் அதற்குள் அடங்கும். பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற நிறுவனமே வரி கட்ட வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 10 முதல் இருப்பதால், அந்தச் சுமை பட்டறைக்காரர் தலையில் விழுவதில்லை. உங்களிடம் கணக்காளரும் வரி ஆலோசகரும் இருக்கிறார்கள். ஒரே ஒரு முறை அவர்களை உட்காரவைத்து எளிய படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அதைப் பின்பற்றிவிடுவார்.

திரும்பி வரும் பாகத்தால் உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் பல. ஹப் எந்த எஃகு, கூடு எந்த அலுமினியக் கலவை என்று உங்களுக்குத் தெரியும். கலவை தெரிந்த கழிவின் மதிப்பு, எல்லாம் கலந்து வரும் பழைய இரும்புக்கு இல்லை. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் எரிசக்தியில் 5 விழுக்காடே போதும். ஒரு டன் எஃகுக் கழிவைப் பயன்படுத்தினால் 1.4 டன் இரும்புத் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும் என்பது உலக எஃகுச் சங்கத்தின் கணக்கு. ஏற்றுமதி செய்யும் உங்களிடம் வெளிநாட்டு வாகன நிறுவனங்கள் கரிமக் கணக்கு கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கைக் காகிதத்தில் மட்டும் சரிசெய்வதைவிட மண்ணில் சரிசெய்வதே நிலைக்கும்.

இதைவிடப் பெரிய ஆதாயம் அறிவு. கம்பம்மெட்டுப் பாதையில் ஓய்ந்த பிரேக் ஷூ, எந்தச் சோதனைக் கூடமும் தராத தகவலைத் தாங்கி நிற்கிறது. லைனர் எந்த ஓரத்தில் அதிகம் தேய்ந்தது, எங்கே கண்ணாடிபோல் பளபளத்தது, ரிவெட் துளை எங்கே நீண்டது என்பதெல்லாம் அதன் உடலில் பதிந்திருக்கும். வாரன்டியில் வரும் பாகம் தயாரிப்பின் குறையைச் சொல்கிறது. ஆயுள் முடிந்து வரும் பாகம் உழைப்பின் வரலாற்றைச் சொல்கிறது. அதைப் படித்தால் அடுத்த வடிவமைப்பில் எதைக் கெட்டிப்படுத்த வேண்டும், எதை எளிதில் கழற்றும்படி வைக்க வேண்டும் என்பது தெரியும். ஒட்டுவதற்குப் பதில் திருகு வைப்பது, பிளாஸ்டிக் வகையை அச்சிலேயே குறிப்பது, பாகத்தின் மேல் அழியாத எண் இடுவது போன்ற சிறு மாற்றங்கள் திரும்பும் வழியைப் பல மடங்கு எளிதாக்கும்.

இந்தச் சங்கிலியில் உள்ள மனிதர்களை மறந்து எந்தத் திட்டமும் நிற்காது. பழைய பாகத்தைக் கழற்றும் மெக்கானிக், அதை வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரர், தெருத்தெருவாகச் சேகரிப்பவர் ஆகியோரின் வருமானத்தில் ஒரு பங்கு இந்தக் கழிவிலிருந்து வருகிறது. அவர்களை ஒதுக்கிவிட்டு நீங்கள் பாதை போட்டால் பொருள் அந்தப் பாதையில் வராது. ஒதுக்குவது நியாயமும் ஆகாது. முன்பணம் வண்டிக்காரருக்குத் திரும்பும்போது, கழற்றிச் சுத்தம் செய்து கூண்டில் சேர்த்த மெக்கானிக்குக்கு ஒரு கூலி தனியே போக வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரையே உங்கள் சேகரிப்பு மையமாகப் பதிவு செய்து, பயிற்சியும் கையுறையும் ஆயில் வடிக்கும் தொட்டியும் கொடுத்தால், அவருடைய தொழில் அழியாமல் உயரும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. உத்தமபாளையம் தாலுகாவை ஓர் ஆண்டுக்கு முன்னோடிப் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம், கோம்பை, தேவாரம் என மலையடி ஊர்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் ஒரே வேன் சுற்றி வர முடியும். எல்லாப் பாகத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் என்று மூன்று வகையோடு தொடங்குங்கள். டிராக்டர் பாகங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நீங்களும் விட்டுவிட வேண்டாம்.

புதிய பாகத்தின் பில்லில் முன்பணத்தைத் தனி வரியாகக் காட்டி, பழையதைக் கொடுத்தவருக்குக் கடையிலேயே, அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். அந்தத் தொகை பழைய இரும்பு விலையைவிடக் கணிசமாகக் கூடுதலாக இல்லாவிட்டால் பொருள் உங்களிடம் வராது. தரம் பார்க்கும் அட்டையையும் ஆயில், பிரேக் தூசி பற்றிய எச்சரிக்கையையும் தமிழில், படத்தோடு, எல்லாப் பட்டறைச் சுவரிலும் ஒட்டும் அளவில் அச்சிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கூண்டு வைத்தால் சிறு கடையில் இடம் போதாது. போட்டியாளர்களாக இருந்தாலும் சேகரிப்புக்கு மட்டுமாவது ஒன்றுகூடி ஒரே கூண்டு, ஒரே வேன் என்று ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் அகில இந்தியச் சங்கமான ஆக்மா இதற்குப் பொருத்தமான இடம்.

ஆண்டு முடிவில் எத்தனை பாகம் விற்றது, எத்தனை திரும்பியது, அதில் எத்தனை மறுபடி வண்டியில் ஏறியது, எத்தனை உலைக்குப் போனது என்ற கணக்கைப் பள்ளத்தாக்கு மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். கணக்கு நன்றாக இருந்தால் மற்ற மாவட்டங்களுக்கு விரியுங்கள். குறை இருந்தால் எங்கே அடைத்தது என்று மெக்கானிக்கையும் கடைக்காரரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு பாகத்தைச் செய்தவரைவிட அதை நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அதன் முடிவுக்குப் பொறுப்பேற்கும் தகுதியும் முதலில் உங்களுக்கே இருக்கிறது. அந்தப் பொறுப்பை விதி வந்து சுமத்தும் வரை காத்திராமல், இந்தத் தாலுகாவில், இந்த மூன்று பாகங்களில், வரும் நிதியாண்டிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.